இருநூற்று எழுபத்தாறு

எக்ஹார்ட் டோல்கேவுக்கு வலது கண்ணும் வலது கையில் மூன்று விரல்களும் போனது 1976 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று இருபதுக்கு. அவன் மனைவி ஹெட்விக் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேலே ஏதோ அலமாரி சாய்ந்த மாதிரி ஒரு சத்தம். மேசையில் இருந்த காப்பி லேசாக ஆடியது. பிறகு யாரோ ஓடும் காலடி. இரண்டு மாடி ஏறிப் போனபோது எக்ஹார்ட் தரையில் உட்கார்ந்து, தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆல்டென்ரோடே பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் இருவரும் பத்து வருடமாக வேலை பார்த்தார்கள். எக்ஹார்ட் ஆய்வக உதவியாளன். பேராசிரியர் ரேபைன் கேட்கும் கந்தக-நைட்ரஜன் சேர்மங்களைச் செய்து கொடுப்பது அவன் வேலை. ஹெட்விக்கிடம் இருந்தது நிறை நிறமாலைமானி. ஒரு பொருளைச் சூடாக்கினால் அது எப்படிச் சிதைகிறது, எந்தெந்த எடையுள்ள துண்டுகள் ஆவியாகப் பறக்கின்றன என்பதை நீளமான தாளில் முட்கள் முட்களாக வரைந்து காட்டும் இயந்திரம் அது. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு எண். அந்த எண்களை அவள் அடுத்த வீட்டு ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பதுபோலத் தெரிந்து வைத்திருந்தாள்.

எக்ஹார்ட் கையாண்ட ஆரஞ்சு நிறப் படிகத்தில் நான்கு கந்தகமும் நான்கு நைட்ரஜனும் சேர்ந்திருந்தன. அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொஞ்சம் அழுக்கு கலந்திருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும். சுத்தமாக ஆக ஆக அதற்கு முன்கோபம் ஏறும். உலர்ந்த நிலையில் உரசினாலே போதும், வெடித்துவிடும். அன்று காலை ஒன்பது மணிக்கு அவன் மூன்றாவது முறையாகச் சுத்தம் செய்த மாதிரியை ஹெட்விக் ஓட்டிப் பார்த்திருந்தாள். மிச்சக் கந்தகம் இருந்தால் 256-ல் ஒரு முள் எழும்ப வேண்டும். ஒன்றுமே இல்லை, தாள் வழவழவென்று இருந்தது. அவள் சிவப்புப் பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதினாள்: "மிக மிகச் சுத்தம். உலரவிடக் கூடாது, சுரண்டக் கூடாது. ஈரமாகவே வையுங்கள்." வழக்கம்போல் அந்தத் தாள் பேராசிரியர் அறைக்குப் போனது.

அதற்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை.

விசாரணைக் குழு மூன்று வாரம் கூடியது. அப்படி ஒரு தாள் தனக்கு வரவே இல்லை என்றார் ரேபைன். உலோகக் கரண்டியால் சுரண்டக் கூடாது என்று தான் எழுத்தில் விதி போட்டிருந்ததாகவும், டோல்கே அதை மீறிவிட்டதாகவும் வருத்தத்தோடு சொன்னார். மாட்டுக்கொம்பில் செய்த கரண்டியைத்தான் பயன்படுத்த வேண்டும், அதுதான் அங்கே பழக்கம். அவருடைய உதவி ஆராய்ச்சியாளர் டாக்டர் போலே எழுந்து, எஃகுக் கரண்டி டோல்கேயின் கையில் இருந்ததைத் தான் பார்த்ததாகச் சாட்சி சொன்னான். ஹெட்விக் தாளைப் பற்றிச் சொன்னாள். குழுத் தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். கணவனுக்காகப் பேசும் மனைவி வேறு எப்படிப் பேசுவாள் என்று அந்தப் பார்வை சொன்னது.

எக்ஹார்ட்டால் எதையும் மறுக்க முடியவில்லை. அந்த நாளே அவன் தலையிலிருந்து கழன்று போயிருந்தது. "காலையில பஸ்ல ஏறினது வரைக்கும் ஞாபகம் இருக்கு, ஹெடி. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான் ஞாபகம்."

"நீ கொம்புக் கரண்டிதான் வெச்சிருந்திருப்ப. பத்து வருஷத்துல ஒரு நாளாவது எஃகைத் தொட்டிருப்பியா?"

"போலே பார்த்தேங்கிறானே. அவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

இதுதான் அவளால் தாங்க முடியாதது. கண் போனதையும் விரல் போனதையும் தாங்கிக்கொண்டாள். தன் மேல் தப்பு என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டதைத் தாங்க முடியவில்லை. பல்கலைக்கழகம் அவனை வாயிற்காப்பாளர் கூண்டில் உட்கார வைத்தது. தினமும் காலையில் ரேபைன் கார் வரும்போது தடுப்புக் கம்பியை அவன்தான் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டுத் தொப்பியைத் தொட்டு வணக்கமும் சொன்னான்.

ஏப்ரலில் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நிறமாலைத் தாள்களில் இயந்திரம் ஓட்டுபவர்கள் எந்தக் குறிப்பும் எழுதக் கூடாது, வாய்மொழியாகவும் கருத்துச் சொல்லக் கூடாது, குழப்பத்தைத் தவிர்க்க. கீழே ரேபைன் கையெழுத்து. ஹெட்விக் அதை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"இது என்னங்க, ஹெர் புரொஃபசர்?"

"உங்க நல்லதுக்குத்தான், ஃப்ராவ் டோல்கே. நீங்க தராசு. தராசு எடையைக் காட்டினா போதும். கறிக்கடைக்காரனுக்குச் சமையல் சொல்லித் தர வேண்டியதில்ல."

"சரிங்க," என்றாள்.

வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று ஹெட்விக்கின் அக்கா கூப்பிட்டாள். ஹானோவரில் ஒரு மருந்துத் தொழிற்சாலை இவளைப் போன்றவளுக்கு இரண்டு கையையும் நீட்டிக் காத்திருந்தது. ஹெட்விக் போகவில்லை. போய்விட்டால் ரேபைன் தன்னை மறந்துவிடுவார். மறக்கவிடக் கூடாது. தினமும் மாடிப்படியில் அவர் எதிரே வரும்போது "குட்டன் மார்கன்" என்று காலை வணக்கத்தைத் தெளிவாகச் சொல்லி, அவர் முகத்தை ஒரு நொடி அதிகமாகப் பார்த்துவிட்டு நகர்வாள். அவர் மூன்றாவது மாதமே அதற்குப் பழகிவிட்டார். அவள் பழகவில்லை. உள்ளே இருந்த சூடு ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

இரண்டு வருடம் போனது. ரேபைன் இப்போது பொன் நிறத்தில் மின்னும் ஒரு பொருளின் பின்னால் போயிருந்தார். ஆரஞ்சுப் படிகத்தின் ஆவியை, பஞ்சுபோலச் சுருட்டிய சூடான வெள்ளி இழைகள் வழியாக இழுத்து, உறையவைத்து, மெல்ல வளரவிட்டால் கந்தகமும் நைட்ரஜனும் மாறி மாறிக் கோத்த நூலாக நீளும். உலோகமே இல்லாமல் உலோகம்போல மின்சாரம் கடத்தும். உலகம் முழுக்க அதற்கு ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சூடாக்கினால் எப்படி உடைகிறது என்பதை ஹெட்விக்கின் இயந்திரம் சொல்ல வேண்டும். 46, 92, 138, 184 என்று எல்லாருக்கும் தெரிந்த முட்கள் வந்தன. ரேபைனுக்கு அதற்கு மேல் வேண்டியிருந்தது. ஆறு கந்தகம், ஆறு நைட்ரஜன் சேர்ந்த பெரிய வளையம், இதுவரை யாரும் பார்க்காதது. வந்தால் 276-ல் வரும்.

1978 மே மாதம் ஒரு வியாழக்கிழமை அது வந்தது.

சூடு நூற்று நாற்பது டிகிரியைத் தாண்டியதும், சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல், 276-ல் ஒரு முள். மேலே தொலைபேசியில் சொன்னதும் ரேபைன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார். தாளை விளக்கின் கீழ் பிடித்தார்.

"இயந்திரம் சரியா இருக்கா?"

"இயந்திரம் சரியாத்தான் இருக்குங்க."

அவள் சொன்னது உண்மை. ஆனால் பார்த்த கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த முள் ஒற்றையாக நிற்கிறது என்று. கந்தகம் ஒற்றையாக வராது. நூறு அணுவில் நாலைந்து, மற்றவற்றைவிட எடையில் இரண்டு கூடியதாக இருக்கும். ஆறு கந்தகம் உள்ள துண்டு என்றால் 276-க்குப் பக்கத்தில் 278-ல், கால்வாசி உயரத்தில், ஒரு தம்பி நின்றாக வேண்டும். அங்கே யாரும் இல்லை. அப்படியானால் 276-ல் இருப்பது கந்தகமே அல்ல.

சனிக்கிழமை காலை, கட்டடம் காலியாக இருந்த நேரத்தில், அவள் வெறும் கிண்ணத்தை வைத்து ஓட்டினாள். உள்ளே ஒரு துகள்கூட இல்லை. நூற்று நாற்பதைத் தாண்டியதும் 276 எழுந்து நின்றது. போன மாதம் பட்டறைக்காரர்கள் இயந்திரத்தில் மாதிரியைச் சூடாக்கும் உலையின் வாயில் புது ரப்பர் வளையம் மாட்டியிருந்தார்கள். சூடு ஏறினால் அது வியர்க்கிறது. அவ்வளவுதான். ரேபைன் கண்டுபிடித்தது ஒரு ரப்பர் வளையத்தின் வியர்வை.

அவள் அந்தத் தாளுக்குத் தேதி போட்டாள். பதிவேட்டில், "வெற்றுக் கிண்ணம், வழக்கமான சோதனை" என்று எழுதினாள். பதிவேடு மேசைமேல் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம். தாளில் எந்தக் குறிப்பும் எழுதவில்லை. சிவப்புப் பென்சிலைத் தொடக்கூட இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வெண்ணெய்க் கேக் வாங்கிப் போனாள். எக்ஹார்ட் என்ன விசேஷம் என்று கேட்டான். சும்மா என்றாள்.

செப்டம்பரில் ஆல்டென்ரோடேயிலேயே மாநாடு. பன்னிரண்டு நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ரேபைன் அங்கேயே அறிவிப்பதென்று முடிவு செய்தார். ஜூனில் ஒரு பாட்டில் ஷாம்பெயினோடு கீழே வந்து, அவளுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்.

"கட்டுரை முடிவுல உங்களுக்கும் நன்றி போடப் போறேன், ஃப்ராவ் டோல்கே."

"என் பேர் வேண்டாங்க, ஹெர் புரொஃபசர்."

"அடக்கம்! இந்தக் காலத்துல யார்கிட்ட இருக்கு?" என்று சிரித்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை. "எங்கப்பா வராரு தெரியுமா? எண்பத்திரண்டு வயசு. சுரங்கத்துல வேலை பார்த்தவர். எனக்குப் பட்டம் கிடைச்சப்பகூட வரல. இதுக்கு வராரு."

சுண்ணக்கட்டித் தூள் படிந்த கோட்டில், கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டு, பரிசுக்குக் காத்திருக்கும் பையனைப்போல் இருந்தார். ஹெட்விக்கின் வாய்வரை வந்துவிட்டது. அந்த வளையத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் என்ற ஒரே ஒரு வாக்கியம். அவள் வாயைத் திறந்தாள்.

"பாவம் டோல்கே," என்றார் ரேபைன், தலையை ஆட்டிக்கொண்டு. "கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இன்னிக்கு அவனும் இதுல பங்கா இருந்திருப்பான்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் போனபிறகு கிளாசைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மாநாட்டுக்குப் பத்து நாள் முன்னால் டாக்டர் போலே கீழே வந்தான். கதவைச் சாத்திக்கொண்டான். கையில் 276 தாளின் நகல்.

"ஃப்ராவ் டோல்கே, 278 எங்க?"

"என்னைக் கேட்டா? நான் தராசுங்க."

"விளையாடாதீங்க. ரெண்டாவது பேரு என் பேரு. என் பதவி உயர்வே இதை நம்பித்தான் இருக்கு. இது என்ன?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

போலே நெற்றியைத் துடைத்தான். பதிவேட்டைப் பார்த்தான். பக்கம் பக்கமாகப் புரட்டினான். மே மாதச் சனிக்கிழமையில் அவன் விரல் நின்றது.

"இது தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீங்க ரெண்டு வருஷமா சும்மா இருக்கீங்களே, அந்த மாதிரிதான்."

"எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு, ஃப்ராவ் டோல்கே."

"எக்ஹார்ட்டுக்கு ரெண்டு கண்ணு இருந்துச்சு."

அவன் அவளுடைய முக்காலியில் சரிந்தான். கேட்காமலேயே பேசத் தொடங்கினான். அன்று பதினொரு மணிக்கு ரேபைன் மேசையில் அந்தத் தாளை அவன் பார்த்திருக்கிறான், சிவப்புப் பென்சில் குறிப்போடு. மதியம் அமெரிக்காவிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், ஈரமான சேற்றையா காட்டுவது, உலர்த்தி எடுத்துவைக்கச் சொல் என்றார் ரேபைன். அதை டோல்கேயிடம் போய்ச் சொன்னவனே போலேதான். குறிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. எக்ஹார்ட் கையில் இருந்தது கொம்புக் கரண்டி. சாயங்காலம் ரேபைன் தாளை நாலாகக் கிழித்தார்.

"எழுதுங்க," என்றாள் ஹெட்விக். தாளும் பேனாவும் ஏற்கெனவே மேசைமேல் இருந்தன. "தேதி, நேரம், எல்லாம். டீனுக்கு. நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே மாநாட்டுக்கு முந்தின நாள் கொண்டு போய்க் கொடுங்க. கூடவே கட்டுரையிலேருந்து உங்க பேரை எடுத்துடுங்க. மூழ்கற படகுலேருந்து இறங்க நான் உங்களுக்குப் பலகை போடறேன். அதுவே அதிகம்."

"புரொஃபசர்கிட்ட 276-ஐப் பத்தி யார் சொல்றது?"

"நீங்க வேணும்னா சொல்லுங்க."

போலே எழுதினான். பெயரை எடுக்க, ஹாலந்தில் தனக்கு வேறு வேலைக்குப் பேச்சு நடப்பதாக ஒரு சாக்கு சொன்னான். ரேபைனிடம் 276 பற்றி வாயைத் திறக்கவில்லை. அவன் அப்படித்தான் செய்வான் என்று ஹெட்விக்குக்குத் தெரியும்.

மாநாட்டு அரங்கு நிரம்பியிருந்தது. முதல் வரிசை ஓரத்தில் கறுப்புக் கோட்டும் கைத்தடியுமாக ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். காது கேட்கவில்லை போலும், தலையைச் சாய்த்து வைத்திருந்தார். ஹெட்விக் பின்வரிசையில் மற்ற ஊழியர்களோடு இருந்தாள். எக்ஹார்ட் வாயிற்கூண்டில் இருந்தான்.

ரேபைன் நன்றாகப் பேசினார். திரையில் 276 ஆள் உயரத்துக்கு நின்றது. கைதட்டல் அடங்கியதும், டெர்ப்ஸ்ட்ரா என்ற ஹாலந்துக்காரர் எழுந்தார். ஒல்லியான, கூச்சமான மனிதர்.

"அருமையா இருக்கு. ஒரே ஒரு சின்னச் சந்தேகம். இதோட 278 எங்க இருக்கு?"

ரேபைன் திரையைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த இடத்தைப் பார்ப்பவர்போல் பார்த்தார். "அளவு ரொம்பக் குறைவு... இரைச்சல்ல மறைஞ்சிருக்கும்."

"கால்வாசி உயரம் இருக்கணுமே. இரைச்சல் அவ்வளவு இல்லையே. வெற்றுக் கிண்ணம் ஓட்டினீங்களா?"

ரேபைன் கண்களை அரங்கில் ஓடவிட்டுப் பின்வரிசையில் அவளைப் பிடித்தார். "எங்க இயந்திரத்தை ஓட்டறவங்க இங்கதான் இருக்காங்க. ஃப்ராவ் டோல்கே, தயவுசெஞ்சு இவங்களுக்குச் சொல்லுங்க."

ஹெட்விக் எழுந்தாள். இந்த நிமிடத்தை இரண்டரை வருடமாகப் பல விதமாக நினைத்துப் பார்த்திருந்தாள்.

"ஓட்டினேங்க. மே மாசம் இருபதாம் தேதி, சனிக்கிழமை. பதிவேட்டுல இருக்கு."

"என்ன வந்துச்சு?" என்றார் டெர்ப்ஸ்ட்ரா.

"276. உலை வாயில இருக்கிற ரப்பர் வளையத்துலேருந்து."

யாரோ ஒருவர் சிரித்தார். உடனே அடக்கிக்கொண்டார். ரேபைனின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"தாள்ல குறிப்பு எழுதக் கூடாது, வாயாலயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுதினேன். 'மிக மிகச் சுத்தம், உலரவிடக் கூடாது, சுரண்டக் கூடாது.' அதை நீங்க நாலாக் கிழிச்சீங்க. அன்னிக்கு மத்தியானம் என் புருஷனுக்குக் கண்ணு போச்சு. டாக்டர் போலே எல்லாத்தையும் எழுதி டீன்கிட்ட நேத்தே கொடுத்துட்டாரு."

எல்லாத் தலைகளும் டீன் பக்கம் திரும்பின. அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம், வந்தது," என்றார்.

முதல் வரிசைக் கிழவர் பக்கத்து ஆளிடம், "என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்று உரக்கக் கேட்டது அரங்கு முழுக்கக் கேட்டது. ஹெட்விக் உட்கார்ந்தாள். கிழவரின் குரல் மட்டும் கொஞ்சம் குத்தியது. அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள்.

விசாரணை மறுபடி திறந்தது. டிசம்பரில் எக்ஹார்ட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. விபத்தில் அவன் மேல் எந்தத் தவறும் இல்லை என்றும் பழைய அறிக்கை ரத்தாகிறது என்றும் எழுதியிருந்தது. ரேபைனுக்குத் துறைத் தலைவர் பதவி போனது. அவரிடம் வர மாணவர்கள் தயங்கினார்கள். போலே உண்மையாகவே வெளியே போகவேண்டி வந்தது. ஹெட்விக்கையும் சும்மா விடவில்லை. தெரிந்தே மறைத்த ஒருத்தியிடம் இயந்திரத்தைக் கொடுத்துவைக்க முடியாது என்றார் டீன். அதில் நியாயம் இருந்தது. அவளை நிலவியல் துறைக்கு மாற்றினார்கள். பாறைத்தூளைச் சலித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. கடைசி நாள் இயந்திரத்தின் தகட்டில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்காக அழுதாள். செய்ததற்காக அழவில்லை.

ஹெட்விக் சொன்னதை அதுவரை முழுக்க நம்பாத எக்ஹார்ட், கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே மூன்று தரம் படித்தான். பிறகு மேசையில் ஓங்கிக் குத்தினான். உப்புக் குப்பி உருண்டது.

"ரெண்டரை வருஷம்! அந்த நாய்க்கு ரெண்டரை வருஷம் கம்பியைத் தூக்கிவிட்டிருக்கேன், ஹெடி! தொப்பியைத் தொட்டிருக்கேன்!"

விபத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வசவு அது. அவன் கத்தக் கத்த, ஹெட்விக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் கத்தட்டும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டான். எங்கே என்று அவள் கேட்கவில்லை, கூடவே நடந்தாள். ரேபைன் வீட்டுக் கதவை அவரே திறந்தார். இளைத்திருந்தார். சவரம் செய்யவில்லை. எக்ஹார்ட் வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு எதையும் சொல்லவில்லை. வலது கையை நீட்டினான். ஜெர்மன்காரர் எவரும் நீட்டிய கையை மறுக்க மாட்டார். ரேபைன் தன் கையைக் கொடுத்தார். மிச்சமிருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும் அதைக் கவ்வின.

"நல்லாப் பிடிங்க, ஹெர் புரொஃபசர். நடுவுல காலியா இருக்கா? அது ஏன் காலியாச்சுன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

ரேபைன் கையை இழுக்கப் பார்த்தார். எக்ஹார்ட் விடவில்லை. ரேபைனின் கண்ணில் நீர் கோத்து, தலை தாழும்வரை பிடித்திருந்தான். பிறகு விட்டான்.

ரேபைன் கையைத் தேய்த்துக்கொண்டே ஹெட்விக்கைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். எங்கப்பா வராருன்னு அன்னிக்குச் சொன்னேன். அப்பக்கூட உங்களுக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு," என்றாள் ஹெட்விக். "அப்ப நீங்க எக்ஹார்ட்டைப் பாவம்னு சொன்னீங்க."

அவருக்கு அது நினைவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசிப்பது தெரிந்தது. அவர் யோசித்து முடிக்கும்வரை அவர்கள் நிற்கவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் எக்ஹார்ட்டுக்குப் பசித்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வறுத்த சாசேஜ் நல்லாயிருக்கும் என்றான். இருவரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.